நாய்க்குச் சோறு வைத்த மைனி

மைனிக்கு நாயைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்தில் யாரைக் கேட்டாலும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள். நாய்க்காரி என்பார்கள். பெற்ற பிள்ளைக்குப் பார்க்காததை நாய்க்குப் பார்க்கிறாள் என்பார்கள். நான் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்த முதல் வாரமே, இட்லிக்கு மாவாட்டுகிற வீட்டுக்காரி என்னைத் தனியாக அழைத்து, "அந்தப் பொம்பளைகிட்ட ரொம்ப ஒட்டாத. கை பூரா நாய் மசுரு" என்று புத்தி சொன்னாள்.

பெயர் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் அக்கா என்று கூப்பிட்டார், அதனால் எனக்கு மைனி. அவருக்கும் பெயர் தெரியாது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள், ஒருவரையொருவர் முறை வைத்தே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆளின் முறை தெரிந்தால் போதும், பெயர் எதற்கு? இப்போது எங்கள் சந்து முழுவதையும் இடித்துவிட்டார்கள். நாங்கள் கோவண்டிக்கு வந்துவிட்டோம். மைனி எந்தப் பக்கம் போனாளோ, விசாரிக்கலாம் என்றால் பெயர் வேண்டுமே.

கறுத்து மெலிந்த உடம்பு. புடவையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தூக்கிச் செருகியிருப்பாள். காலையில் மாட்டுங்காவில் வீட்டு வேலை. மத்தியானம் திரும்பும்போது கையில் ஒரு பை, அதற்குள் கோழிக்கடையில் கழித்துப்போட்ட தோலும் காலும். குருணையோடு மஞ்சள்பொடி போட்டு ஓர் அலுமினியச் சட்டியில் வேகவைப்பாள். அந்த நாற்றம் இருக்கிறதே, ஊதுபத்தி வியாபாரமே எங்கள் சந்துக்காரர்களை நம்பித்தான் நடந்தது என்று நினைக்கிறேன். சாயங்காலம் பொதுக் கக்கூஸ் பக்கத்து முக்கில் நின்று கரண்டியால் சட்டியைத் தட்டுவாள். எங்கெங்கேயோ கிடந்த நாயெல்லாம் ஓடி வரும்.

சோற்றைத் தாள்களில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முந்தானை மூக்கில் இருக்கும். கொஞ்சுவது கிடையாது. பெயர் வைத்துக் கூப்பிடுவது கிடையாது. ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு காலை நக்க வந்தால் "சீ, போ சனியனே" என்று உதறுவாள். ஆனால் அவை தின்றுகொண்டிருக்கும்போது ஒவ்வொன்றின் பிடரியிலும் கையை வைத்து, தோலைக் கொத்தாகப் பிடித்து, ஒரு தூக்குத் தூக்கி, விட்டுவிடுவாள். பிடித்து முடித்ததும் கையைச் சுவரில் தேய்ப்பாள். வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். எந்த நாயாவது பிடரியைத் தராமல் நழுவினால் அன்றைக்கு முழுவதும் அதன் பின்னாலேயே திரிவாள்.

"எதுக்கு மைனி இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"பிடி கொடுக்கணும்லா" என்றாள்.

அந்தப் பிடி எதற்கு என்பது நாய் வண்டி வந்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. செம்பூர்ப் பக்கம் தெருநாய்களுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது. வெறிநாய்க் கடி வராமலிருக்க அங்கேயிருந்து எப்போதாவது வண்டி எடுத்துக்கொண்டு ஊசி போட வருவார்கள். வண்டிச் சத்தம் தொண்ணூறடி ரோட்டில் கேட்டாலே போதும், எங்கள் சந்தில் ஒரு நாய் இருக்காது. வலையைத் தூக்கிக்கொண்டு பையன்கள் ஓடுவார்கள். ஒரு ஆள் போனால் எதிரே வருகிறவன் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து அது. அதில் தண்ணீர் டிரம், இட்லிக் கொப்பரை, குறுக்கே காயப்போட்ட துணி. போதாக்குறைக்கு எங்கள் சந்து வாண்டுகள் விசிலடித்து நாய்க்குத் துப்புக் கொடுக்கும். மைனி இந்தக் காரியத்தில் இறங்குவதற்கு முன்பெல்லாம் வண்டி வெறும் வண்டியாகத் திரும்பிப் போகுமாம்.

அன்றைக்கு மைனி முக்கில் நின்று சட்டியைத் தட்டினாள். வந்தன. ஒவ்வொன்றாகப் பிடரியைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து முழங்காலால் அழுத்தினாள். ஒருவன் ஊசி போட்டான், இன்னொருவன் ஊசி போட்ட நாய் என்று தெரிய நெற்றியில் சிவப்புச் சாயம் தடவினான். "அடுத்தது" என்பதுபோல் மைனி தலையை ஆட்டினாள். குட்டி போடாமலிருக்க அறுவை செய்ய வேண்டியவற்றை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். அவை சில நாள் கழித்துக் காதில் ஒரு வெட்டோடு அதே சந்துக்கே திரும்பி வந்தன. அதற்கும் சண்டை.

"கொண்டுபோன சனியனை எதுக்குத் திரும்பக் கொண்டாந்து விடுதான்? அங்கனயே வச்சுக்கிட வேண்டியதுதானே?" என்று இட்லி வீட்டுக்காரி கத்தினாள்.

"இது போனா இந்த இடத்துக்கு வேற ஒண்ணு வரும்" என்றாள் மைனி. "வாரது ஊசி போடாததா இருக்கும். அது ஒன் பிள்ளையக் கடிக்கும். சரியா?"

பேச்சென்றால் இப்படித்தான். மனசு நோகுமே என்கிற யோசனையே கிடையாது. ஒருமுறை மாட்டுங்காவில் அவள் வேலை பார்த்த வீட்டு அம்மாள், இவளுடைய நாய்ச் சேவையைக் கேள்விப்பட்டு, பிஸ்கட் பொட்டலங்களோடு எங்கள் சந்துக்கே வந்துவிட்டாள். மூக்கைப் பொத்தாமல் நின்றதற்காக அந்த அம்மாளை நான் இன்றைக்கும் மெச்சுவேன்.

"வாயில்லா ஜீவன் மேல உனக்கு எவ்வளவு பிரியம்! எனக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து" என்றாள் அந்த அம்மாள்.

"எனக்கு நாயின்னாலே அருவருப்பும்மா."

"பின்னே ஏன் சாதம் வைக்கறே?"

"பட்டினி போட்டா பிடி கொடுக்குமா?"

அம்மாள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். மைனி சிரிக்கவில்லை. அன்பில்லாமல் இப்படி விடாமல் ஒருத்தி சோறு வைப்பாளா? அன்பு இல்லையென்றால் வேறு என்ன அது?

நாய்களைப் பிடித்ததுபோலவே பிள்ளைகளையும் பிடிப்பாள். சந்தில் ஓடுகிற எந்தப் பிள்ளையையும் நிறுத்திக் கெண்டைக்கால், முழங்கை, விரலிடுக்கு எல்லாம் பார்ப்பாள்.

"ஏலே, இது என்ன காயம்?"

"ஆணி குத்திட்டு."

"ஆணிக்கு ரெண்டு பல்லு இருக்கோ?"

அகப்பட்டவனைத் தாயிடம் கூடக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். தாய்மார் பின்னாலேயே திட்டிக்கொண்டு ஓடுவார்கள். முறுக்குச் சுற்றுகிற வீட்டுப் பையனை ஒரு தடவை நாய் கடித்துவிட்டது. அவன் தாய் கடிவாயில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் கட்டிவிட்டாள். ஊரில் அப்படித்தான் செய்வார்கள். மைனி நுழைந்தாள், கட்டைப் பிரித்தாள், அந்த வீட்டு டிரம்மிலிருந்த குடிதண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினாள். எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். டிரம் காலியானால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. முறுக்கு வீட்டுக்காரி மைனியின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் அடித்தாள். மைனி பையனின் காலை விடவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அவளைப் பிடிக்கும், பயமும் உண்டு. என் மகள் பவித்ராவை அவள் பார்க்கிற பார்வையில் ஏதோ இருந்தது. பிள்ளையை விளையாட விட்டுவிட்டு நான் உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மைனி நின்று அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மைனிக்கு ஒரு பையன் இருந்தான். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ரயிலில் வெயில் தாங்காமல் செத்துப்போனான் என்று சந்தில் சொன்னார்கள். புருஷன் அதற்குப் பிறகு ஊரோடு தங்கிவிட்டான். அவள் மட்டும் தனியாக அந்த ஒற்றை அறையில் இருந்தாள். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதில் நாய் எதுவும் வரவில்லை.

அந்த வருஷம் பவித்ராவுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. எங்கள் ஊர் அம்மன் கொடைக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தோம். பம்பாயிலிருக்கிற எங்கள் ஆட்களுக்கு வருஷம் முழுவதும் இந்த ஒரு கனவுதான். என் வீட்டுக்காரர் புக்கிங் திறந்த அன்றைக்கே செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து டிக்கெட் போட்டிருந்தார். என் மாமனாருக்கு முழங்கால் போய்விட்டதால் அந்த வருஷம் இவர்தான் காப்புக் கட்டிச் சாமியாட வேண்டும். பவித்ரா முதல் தடவையாக முளைப்பாரி எடுக்கப் போகிறாள். அதற்கென்று நானே தைத்த பச்சைப் பாவாடை பெட்டியில் மேலாக மடித்து வைத்திருந்தது.

புறப்படுவதற்கு முந்தைய நாளுக்கு முந்தைய நாள் காலை, நான் குழாயில் வரிசையில் நின்றேன். ஒரு செவலை நாய் வந்தது. நெற்றியில் சாயமில்லை, காதில் வெட்டில்லை. எங்கள் சந்து நாயே இல்லை. வாயோரம் எச்சில் ஒழுக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன்பாட்டுக்கு நடந்து வந்தது. குரைக்கவில்லை. உறுமவில்லை. என் பக்கத்தில் நின்ற பவித்ராவின் கெண்டைக்காலைக் கவ்வி, ஒரு உலுக்கு உலுக்கி, விட்டுவிட்டு அதே நடையில் போய்விட்டது. சதை பிய்ந்து தொங்கியது.

மைனி எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. குழாயடியில் இருந்த குடத்தைக் காலால் தள்ளிவிட்டுப் பிள்ளையின் காலைத் தண்ணீருக்குக் கீழே நீட்டினாள். சோப்பைத் தேய்த்தாள். வரிசையில் நின்றவர்கள் முதலில் கூச்சல் போட்டார்கள், காலைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். பவித்ரா துடித்தாள். குழாயில் தண்ணீர் நிற்கிற வரைக்கும் மைனி காலை எடுக்க விடவே இல்லை.

"போதும் மைனி, பிள்ளை கதறுது" என்றேன்.

"கதறட்டும்ட்டி. கதறதுக்கு உசுரு இருக்குல்லா."

முதல் ஆஸ்பத்திரியில் கையில் ஊசி போட்டார்கள். காயம் ஆழமாக இருக்கிறது, காயத்துக்குள்ளேயே போடுகிற மருந்து ஒன்றும் வேண்டும், அது தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். எனக்கு நாளை என்றால் நாளை. மைனிக்கு அப்படியில்லை. "நாளைக்கு நாயி காத்திருக்குமா?" என்று தமிழில் கத்தினாள். அங்கே யாருக்கும் புரியவில்லை. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு டாக்சியை மறித்தாள். சயன் பாலத்துக்குக் கீழே டிராபிக்கில் வண்டி நகரவில்லை. இறங்கி ஓடினோம். இன்னொரு இடத்தில் வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் அந்த மருந்து கிடைத்தது. பிய்ந்த சதையைச் சுற்றிச் சுற்றி ஊசியை இறக்கினார்கள். பார்க்க முடியாமல் நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். மைனி காலைப் பிடித்துக்கொண்டாள். முழங்காலால் அழுத்தி, அசைய விடாமல், நாயைப் பிடிக்கிற அதே பிடி.

மீதி ஊசிகள் எந்தெந்தத் தேதியில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஒன்றுகூடத் தள்ளிப்போகக் கூடாது என்றார்.

அடுத்த நாள் மைனி வேலைக்குப் போகவில்லை. அந்தச் செவலையைத் தேடினாள். பழைய இரும்புக் கிடங்குக்குப் பின்னால் அது கிடந்தது. தகரத்தைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கிட்டே போகவில்லை அவள். தூரத்தில் ஒரு கம்போடு நின்றுகொண்டு, எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கம் வராமல் விரட்டிக்கொண்டு, காப்பகத்துக்குப் போன் போட்டாள். வலையோடு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். தனிக் கூண்டில் வைத்துப் பார்ப்பார்களாம். நோய் உள்ள நாய் பத்து நாளைத் தாண்டாதாம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பெட்டியை வாசல் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். ஊசியை ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் முடிவு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊரிலிருந்து பஸ் ஏறினால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் சீட்டும் கையில் இருக்கிறது. கொடைக்குப் போகாமல் நின்றால் சாமி குற்றம் ஆகிவிடும் என்று மாமனார் போனில் அழாத குறை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

மைனி வந்து வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போவாதிய."

"அக்கா, ஊர்லயும் ஊசி போடுதாவ" என்றார் இவர். "ஊசி இல்லாத ஊரா அது?"

"ஊசி இருக்குய்யா. நான் இல்லைன்னு சொல்லல. எனக்கும் இருந்துச்சு" என்றாள் மைனி. பிறகு சொன்னாள். அதுவரைக்கும் அவள் வாயால் அந்தப் பேச்சை யாரும் கேட்டதில்லை.

"எம்பிள்ளையையும் நாய்தான் கடிச்சுது. இந்தா, இந்த முக்குல வச்சு. கொடைக்கு டிக்கெட் எடுத்தாச்சு. இங்கன கொஞ்சம் ஊசி போட்டோம், மீதிய ஊர்ல போட்டுக்கிடலாம்னு ஏறிட்டோம். நான் சீட்டெல்லாம் பத்திரமாத்தான் வச்சிருந்தேன். ஊருக்குப் போனா காப்புக் கட்டியாச்சு. எங்க வீட்டுக்காரரு கையிலயும் காப்பு. காப்புக் கட்டுனா எல்லை தாண்டக் கூடாதுல்லா. ஆஸ்பத்திரி எல்லைக்கு அங்கிட்டு இருக்கு. நான் ஒத்தையில கூட்டிட்டுப் போறேன்னேன். கோயில்ல ஊத்துன ஊர்க் கஞ்சி குடிச்ச வீட்டுப் பொம்பளை, நீயும் தாண்டக் கூடாதுன்னாவ. பிள்ளைக்குக் காய்ச்சலா, ஓடியாடித்தானே திரியுதான், கொடை முடியட்டும், நாலு நாள் தள்ளிப்போட்டா ஊசி என்ன கோவிச்சுக்கிடுமான்னாவ. கொடை முடிஞ்சா எட்டாம் நாளு எட்டாங்கொடை, அதுவும் முடியட்டும்னாவ. பொறவு புண்ணும் ஆறிட்டு. எல்லாரும் மறந்துட்டோம்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பள்ளிக்கூடம் தொறக்கதுக்குத் திரும்புதோம். ரயில்ல தண்ணி கேட்டான். கொடுத்தேன். வாய்கிட்ட கொண்டுபோனா ஒடம்பு தூக்கிப் போடுது. தாகமா இருக்கும்மாங்கான், பாட்டிலப் பாத்தா அலறுதான். ஃபேன் காத்து பட்டாலும் அலறுதான். சோலாப்பூர் வரைக்கும் தண்ணி தண்ணின்னு கேட்டான். நான் தண்ணிய வச்சுக்கிட்டு கொடுக்க முடியாம இருந்தேன். பம்பாய் வரல அவன்."

பவித்ரா கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போனதும் முதல் காரியமா ஊசி போட்டுட்டுத்தான் காப்புக் கட்டுவேன், போதுமாக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதுக்கு அடுத்த ஊசி? அதுக்கும் அடுத்தது?"

மைனி சட்டென்று குனிந்து அவர் காலில் விழுந்துவிட்டாள். அக்கா முறை, வயதில் எவ்வளவோ மூத்தவள். இவர் பதறிப் பின்னால் போய்ப் பெட்டியில் இடித்துக்கொண்டார். நான் மைனியைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை. நெற்றியைத் தரையில் வைத்தபடியே, "கூட்டிட்டுப் போவாதிய, கூட்டிட்டுப் போவாதிய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் பெட்டியைத் திறந்து பச்சைப் பாவாடையை வெளியே எடுத்து வைத்தேன். "நீங்க போயிட்டு வாங்க. நானும் பிள்ளையும் இங்கனயே இருக்கோம்" என்றேன்.

"அப்பம் முளைப்பாரி?"

"வேற பிள்ளை எடுக்கட்டும்."

மறுநாள் தனியாகப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அடுத்த ஊசிக்கு மைனிதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து சந்துக்குள் நுழையும்போது அவள் போன் அடித்தது. காப்பகத்துப் பையன். "மௌசி, வோ குத்தா மர் கயா" என்றான். நாய் கூண்டிலேயே செத்துவிட்டது. தலையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் பார்த்தவரைக்கும் வெறிதான் என்று அங்கே டாக்டர் சொன்னாராம். குழந்தையின் ஊசியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றானாம்.

அதுவரைக்கும் ஒரு ஓரத்தில், அது சும்மா ஒரு தெருநாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி பிள்ளையைக் காப்பாற்றிவிடும் என்று மூளைக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. பவித்ராவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அவள் விழுங்குகிறாளா என்று தொண்டையையே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொடுத்தேன். "எத்தனை தடவைம்மா குடிக்கது?" என்று சிணுங்கினாள். இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், கால் தழும்பு தெரியாமலிருக்க நீளமாகக் காலுறை போட்டுக்கொள்கிறாள். அன்றைக்கு எனக்கு அது தெரியாதே. அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு டம்ளரும் ஒரு தொண்டையும்தான்.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது. ஊரில் இறங்கிய கையோடு காப்புக் கட்டிவிட்டார்களாம்.

"நாய் செத்துப்போச்சு" என்றேன்.

மேளச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டான். எடுத்தாலும் வரமாட்டான். விடமாட்டாவ" என்றாள் மைனி. எனக்குத் தைரியம் சொல்ல அவளுக்குத் தெரியாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அதுதான் அவளால் முடிந்தது. அந்த நாட்களில் அவள் சட்டியைத் தட்டவில்லை. நாய்கள் அவள் அறை வாசலில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போயின.

அதற்கடுத்த ஊசிக்குப் போக வேண்டிய காலை. நான் பவித்ராவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மைனி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். சந்து முனையில் இவர் வந்தார். ரயிலில் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டே வந்த கோலம். தாடி, சிவந்த கண்கள், சட்டையெல்லாம் கசங்கல், கையில் பை கூட இல்லை. நேராக வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். பவித்ரா, "அப்பா, நாத்தம் அடிக்கு" என்றாள்.

மைனி அவர் வலது மணிக்கட்டையே பார்த்தாள். மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. அதில் கோத்த மஞ்சள் துண்டும் இருந்தது.

"காப்போடயா வந்த?"

"ஆமாக்கா."

"எல்லை தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன்."

"மறிக்கலையா?"

"எல்லாரும் மறிச்சாவ. அப்பா காலப் பிடிச்சாரு. அம்மங்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

மைனி கிட்டே வந்து அவர் கையைப் பிடித்தாள். கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு நெஞ்சை, கால்களை, ஒவ்வொரு இடமாக, எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று தேடுவதைப்போலப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவலையே ஒனக்கு" என்றாள்.

"இல்லக்கா."

"தாண்டினா ஒண்ணும் ஆவாதா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"அப்பம் நானும் தாண்டியிருக்கலாமே" என்றாள் மைனி. அதை எங்களிடம் சொல்லவில்லை. வாசலில் குடங்கள் வழிந்து நனைந்து கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்து, மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். அந்தச் சந்தில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. முறுக்கு வீட்டுக்காரிதான் முதலில் ஓடி வந்து அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இட்லி வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மைனி யார் பிடியிலும் நிற்கவில்லை. தாண்டியிருக்கலாமே, தாண்டியிருக்கலாமே என்று அதையே சொன்னாள்.

பவித்ராவின் ஊசிக்கு நேரமாகிறது என்று அன்றைக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு எங்களோடு நடந்து வந்தாள்.